உள்ளே மண், வெளியே சுத்தம்

"தொடாமல் பாருங்கள்" என்றார் பொலிஸ் பொறுப்பதிகாரி. "வெடிக்காது என்று ஆமியிலிருந்து வந்து சொல்லிவிட்டுத்தான் போனார்கள். இருந்தாலும் தொடாமல் பாருங்கள்."

அவர் பேசியது சிங்களம். சீனிமுகம்மது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மேசைக்கு மேல் குனிந்தார். குனிவதற்கு முன்பே அறுபத்தொரு வயது முதுகு தன் முறைப்பாட்டைத் தெரிவித்துவிட்டது. நோன்பு பதினேழு. வெளியே ஓகஸ்ட் வெயில். கல்முனைக் கடற்காற்றும் அன்றைக்கு லீவு போட்டிருந்தது.

மேசையில் ஒரு பப்பாளிப்பழ அளவில் கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி கிடந்தது. மேலே புகை நிற மூடி. உள்ளே இருப்பது மங்கலாகத் தெரிந்தது. அடியில் ஒரு கழுத்து. அசல் கழுத்து உடைந்துபோக, வீட்டுக்குத் தண்ணீர் இழுக்கும் சாம்பல் நிற பைப் துண்டு ஒன்றை யாரோ நெருப்பில் வாட்டி, வளைத்து, அந்த இடத்தில் ஏற்றியிருந்தார்கள். உள்ளே கசட் ரெக்கோடரிலிருந்து கழற்றிய சின்ன மோட்டார். அதன் தலையில் ரப்பர் செருப்பை வெட்டிச் செய்த நாலு இதழ்கள். பக்கத்தில் இரண்டு பேட்டரி, சிவப்பும் கறுப்புமாக வயர்.

"கிரனேட் அடிக்கிற துவக்கின் பெட்டி என்று என் ஆட்கள் சொல்கிறார்கள்" என்றார் பொறுப்பதிகாரி.

"பிடிபட்ட குணம் என்ன சொல்கிறான்?" என்று கேட்டார் சீனிமுகம்மது.

"விளையாட்டுச் சாமானாம்." அவர் களைப்போடு சிரித்தார். "ஆறுகம்பைப் பக்கம் அவன் வேலை செய்கிற ஒரு திடலில் வெள்ளைக்காரர்கள் ஒருவரை ஒருவர் சுட்டு விளையாடுகிறார்களாம். குண்டுக்குப் பதிலாகச் சாயம் நிரப்பிய உருண்டை. உருண்டைகளை இந்தப் பெட்டியில் கொட்டினால் இது ஒவ்வொன்றாகத் துவக்குக்குள் தள்ளுமாம். முப்பது வருசம் துவக்குச் சூடு வாங்கிய நாட்டுக்கு, சூடு வாங்கி விளையாட ஆட்கள் விமானம் ஏறி வருகிறார்களாம். நீங்கள் நம்புவீர்களா?"

சீனிமுகம்மது நம்பினார். முப்பத்திரண்டு வருடம் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். அதைவிட நம்ப முடியாத உண்மைகளையெல்லாம் சிங்களத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து சிங்களத்துக்கும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்.

"திடல்காரன்?"

"அனுமதி இல்லாமல் துவக்கு வைத்திருந்தவன் போல. விஷயம் கேள்விப்பட்டதும் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டான். போனும் வேலை செய்யவில்லை. பிடிபட்டவனோ யுத்தம் முடிந்த பிறகு ஒரு வருசம் முகாமில் இருந்தவன். யார் திருத்தியது என்று கேட்டால் நானே திருத்தினேன் என்கிறான். மண்ணைப் பார்த்தீர்களா? எங்கேயோ புதைத்து வைத்துத் தோண்டி எடுத்திருக்கிறார்கள்." அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "கொழும்பிலிருந்து நாலரைக்கு வாகனம் வருகிறது. ஏற்றிவிட்டால் என் கையில் ஒன்றும் இல்லை. அதற்கு முன்னால், இதை நான்தான் செய்தேன் என்று ஒருவன் வந்து, செய்ததை நிரூபித்தும் காட்டினால், நான் வாகனத்தைத் திருப்பி அனுப்புவேன். உங்களுக்காக இவ்வளவுதான் செய்யலாம், மாத்தயா."

கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் தூக்கமில்லை என்பது கண்ணில் தெரிந்தது.

சீனிமுகம்மது இன்னொரு தடவை குனிந்தார். மண் இருந்தது உண்மைதான். மூடிக்கு உட்புறம், இதழ்களின் இடுக்கு, கழுத்தின் உள்வளைவு, எங்கும் காய்ந்த கறுப்பு வயல் மண். வெளிப்புறமோ அப்போதுதான் துடைத்துவைத்த கோப்பை போல இருந்தது. திருகாணியின் தலைக்குள்கூட ஒரு துகள் இல்லை.

மண்ணுக்குள் புதைத்த சாமானில் மண் வெளியேயல்லவா இருக்கவேண்டும்? கேள்வியைத் தூக்கிக்கொண்டு அவர் வெளியே வந்தார்.

வாசலில் குணத்தின் மனைவி யசோதினி நின்றாள். பெரியநீலாவணைக்காரி. நேற்றுக் காலையிலிருந்து அதே இடத்தில்தான் நிற்கிறாள்.

"ஐயா, என்ன சொன்னவங்க?"

"நாலரைக்குள்ள திருத்தின ஆளக் கொண்டு வரச் சொல்றாங்க. உன்ட புருசன் தானே திருத்தினதாச் சொல்றானாம்."

"அவரா?" அந்த நிலைமையிலும் அவளுக்கு ஆத்திரம் வந்தது. "வீட்டுல பல்ப் எரிஞ்சுபோனாப் பக்கத்து வீட்டு ஆளக் கூப்பிட்டுத்தான் ஐயா மாத்துறது. வேலியில ஒரு ஆணி அடிக்கத் தெரியாத மனுசன்."

"வேற ஆர்கிட்டயும் குடுத்துத் திருத்தினதாச் சொன்னானா?"

"கல்முனையில ஒரு ஆள் இருக்காரு எண்டு மட்டும் சொன்னவர். பேர் சொல்லல்ல. அவர இந்த முறையும் கொண்டு போனா நான் எங்க ஐயா தேடுறது? போன முறை எந்த முகாம் எண்டு தெரியவே ஏழு மாசம் போனது."

சுனாமி வருடத்தில் சீனிமுகம்மது வீடும் மனைவியும் இல்லாமல் அகதி முகாமில் உட்கார்ந்திருந்தபோது, காணாமற்போனவர்களைத் தேடச் சிங்களத்தில் படிவம் நிரப்பித் தரச் சொல்லி ஊரே வரிசையில் நின்றது. நானூறு படிவத்துக்கு மேல் எழுதினார். ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. யாராவது தேடித்தரச் சொல்லி வந்தால் மறுக்கும் பழக்கம் அவரை விட்டுப் போனது அன்றைக்குத்தான். மாடு, காணி உறுதிப் பத்திரம், கல்யாணத்துக்கு முதல் நாள் ஓடிப்போன மாப்பிள்ளை என்று என்னென்னவோ தேடிக் கொடுத்திருக்கிறார். களைப்பு மட்டும் போகவில்லை.

றஸ்மியின் ஓட்டோ எதிர்ப்பக்கத்து வாகை மரத்தடியில், வழக்கத்தைவிட நூறு கஜம் தள்ளி நின்றது. முப்பத்தெட்டு வயது, மூன்று பெண் பிள்ளைகளின் வாப்பா. ஆறு வருடமாக சீனிமுகம்மதுக்குச் சாரதி, உதவியாளர், ஓயாத வாய்.

"இவ்வளவு தூரத்தில ஏன் நிப்பாட்டின?"

"நிழல் இங்கதான் சேர் இரிக்கி. பொலிஸ் வாசல்ல மரம் நட்டா அதையும் விசாரிப்பாங்க எண்டு ஒருத்தரும் நடல்ல." றஸ்மி கிக்கரை இழுத்தான். "எங்க போவம்? பொத்துவிலுக்கு விடவா? திடல்காரன்ட கதவையாவது தட்டிப் பார்ப்பம்."

"போகவே ரெண்டு மணித்தியாலம். பூட்டின கதவத் தட்டி என்ன செய்யிற? அச்சிமுகம்மதுட கடைக்கு விடு."

"அந்த மனுசனுக்கு நோன்பு பிடிச்சா ஆரப் பார்த்தாலும் கடிக்கத் தோணும் சேர்."

"கடிச்சா நோன்பு முறிஞ்சிரும். பயப்படாமப் போ."

*

அச்சிமுகம்மது கல்முனைக்குடியில் ரேடியோ திருத்துகிறவர். கடை முழுக்கச் சுனாமித் தண்ணீர் குடித்துச் செத்த ரேடியோக்கள். சொந்தக்காரர்களும் வரவில்லை, அவருக்கும் எறிய மனமில்லை. சீனிமுகம்மது ஒரு காகிதத்தில் பெட்டியை வரைந்து, பார்த்ததையெல்லாம் சொன்னார். கிழவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். முகத்தில் கடுகடுப்புப் போய் ஆசை வந்தது.

"வேலகாரன்" என்றார் கடைசியில். "கைத்தொழில் தெரிஞ்ச நல்ல வேலகாரன்."

"எப்பிடிச் சொல்றீங்க, காக்கா?" அண்ணன் முறை சொல்லிக் கேட்டார் சீனிமுகம்மது.

"உருண்டை தானா விழுந்தாப் போதும் எண்டுதான் இதச் செஞ்சவன் செஞ்சிருப்பான். இந்த ஊர் வெக்கைக்கு உருண்டை ஒண்டோட ஒண்டு ஒட்டும். மேல நிண்டுரும், கீழ விழாது. அதுக்குத்தான் திருத்தினவன் மோட்டர் பூட்டிக் கிளறி விட்டிருக்கான். பிளாஸ்டிக் இதழ் வெச்சா உருண்டை உடையும். செருப்பு ரப்பர் எண்டா நோகாமத் தள்ளும். பைப் வளைச்சிரிக்கான் பாரு, சுருக்கம் விழாம. உள்ளுக்கு மணல் நிரப்பி வாட்டியிரிக்கான். இதெல்லாம் புத்தகத்தில இல்ல."

"உங்களப்போல ரேடியோக் கடைக்காரனா?"

"இல்ல. வயர எப்பிடிப் பொருத்தியிரிந்தான்?"

"முறுக்கி, மேல டேப் சுத்தியிருந்தான்."

"கடைக்காரன் எண்டா ஈயம் வெச்சுப் பத்தவெப்பான். முறுக்கி டேப் சுத்துறது வாகனத்தோட புழங்கிறவன்ட கை. நடு ரோட்டுல நிண்டுட்டா ஈயத்துக்கு எங்க போற?"

"அப்ப சம்மாந்துறை கராஜ் பக்கம் போவம் சேர்" என்றான் றஸ்மி வாசலிலிருந்து. "அங்க முப்பது மெக்கானிக் இரிக்காங்க. முப்பது பேரும் நான்தான் கெட்டிக்காரன் எண்டு சொல்லுவாங்க. நாலரைக்குள்ள முடிச்சிரலாம்."

சீனிமுகம்மது எழுந்தார். அப்போது கடைக்குப் பக்கத்துக் குழாயடியில் யாரோ எண்ணுவது கேட்டது.

"மூணு..."

உம்மு என்ற நடுத்தர வயதுப் பெண், பெரிய சட்டி ஒன்றைக் கவிழ்த்து ஊற்றிவிட்டு மறுபடி தண்ணீர் பிடித்தாள். அவளுக்குப் பக்கத்தில் பேப்பரில் குவித்துவைத்த கறுப்பு மண்.

"நாலு... என்ன காக்கா பாக்கிறீங்க? நோன்புக் கஞ்சி காய்ச்ச வெச்ச சட்டி. திரும்பிப் பாக்கிறதுக்குள்ள நாய் வாய வெச்சிட்டு. எங்கட வளவெல்லாம் கடல் மணல். மகள்ட வளவுல இரிந்து வயல் மண் எடுத்து வந்தன்."

"சட்டிக்கு வெளியால மண் பூசல்லையே?"

"வெளியால ஏன்? நாய் நக்கினது உள்ளுக்குத்தானே."

சீனிமுகம்மது அப்படியே நின்றார். நாயோ பன்றியோ ஈரத்தோடு பட்ட பாத்திரத்தை ஏழு தரம் கழுவவேண்டும். அதில் ஒரு தரம் மண் கலந்த தண்ணீர். ஏழு வயதில் ஓதும் பள்ளியில் படித்த பாடம். அந்தப் பெட்டியை இரண்டு தடவை குனிந்து பார்த்தும் புத்தி வேலை செய்யவில்லை. வயது போனால் கண் மட்டுமா மங்குகிறது என்று அவர் தன்னையே நொந்துகொண்டார்.

போனை எடுத்து யசோதினியை அழைத்தார்.

"பிள்ள, அந்தச் சாய உருண்டையப் பத்தி உன்ட புருசன் ஏதும் சொன்னானா? என்னத்தால செய்யிறது?"

"மீனெண்ணெய்க் குளிசைட தோல் மாதிரி இருக்குமாம் ஐயா, மெதுவா. பண்டித் தோலக் காய்ச்சி எடுக்கிற பசையில செய்யிறது எண்டு விளையாட வந்த ஒரு ஆள் சொன்னதாம். மெய்யா பொய்யா தெரியாது. அதக் கேட்டுட்டு, அய்யோ, அந்த மனுசன் இதக் கையால தொட்டவரே, அவருக்குச் சொல்லவேணுமே எண்டு இவர் கவலப்பட்டவர்."

போனை வைத்துவிட்டு அவர் றஸ்மியின் பக்கம் திரும்பினார்.

"குணம் பொய் சொல்றான். பெட்டி மண்ணுக்குள்ள இருக்கல்ல. மண்ணால கழுவியிருக்கு. பண்டித் தோல் பட்டதெண்டு உள்பக்கத்த ஏழு தரம் கழுவினவன் ஆரு? குணம் கோயிலுக்குப் போற ஆள். அவனுக்கு இந்தச் சட்டம் தெரியாது. திருத்தினவன் நம்மட ஆள் ஒருத்தன்."

"கல்முனைக்குடியில நம்மட ஆள் எத்தின ஆயிரம் சேர்?" என்றான் றஸ்மி. சொன்ன பிறகு வழக்கமாக வருகிற சிரிப்பு வரவில்லை. நோன்புக் களைப்பு என்று சீனிமுகம்மது நினைத்தார்.

"ஆயிரம் பேர் இருந்தாலும், மோட்டர் பூட்டின சாமானத் தண்ணியில போடவேணுமா எண்டு எவனுக்கும் சந்தேகம் வரும். சந்தேகம் வந்தா ஆர்கிட்டப் போவான்?"

றஸ்மி ஓட்டோவில் ஏறி உட்கார்ந்தான்.

"முகைதீன்பாவா மௌலவிட்ட விடு."

*

பள்ளிவாசலில் றஸ்மி இறங்கவில்லை. வண்டியின் பிளக் கொஞ்சம் கரைச்சல் தருகிறது, பார்த்து வைக்கிறேன் என்றான்.

முகைதீன்பாவா மௌலவி உள்ளே தூணில் சாய்ந்திருந்தார். நோன்பு மாதம் முழுக்கப் பல் விளக்கலாமா, ஊசி போடலாமா, எச்சில் விழுங்கலாமா என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. சீனிமுகம்மது கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஓம், ஒரு ஆள் வந்தாரு. அஞ்சாறு நாளைக்கு முந்தி. உண்மையில பன்றியா மாடா எண்டு தெரியாது, ஆனா மனசு கேக்கல்ல எண்டாரு. சந்தேகத்துக்குக் கழுவத் தேவையில்ல எண்டுதான் நான் சொன்னன். அவருக்குத் திருப்தி இல்ல. சரி, மனசு ஆறல்ல எண்டா உருண்டை பட்ட இடத்த மட்டும் கழுவுங்க, மோட்டரக் கழட்டிட்டுக் கழுவுங்க எண்டன். கழட்டாமக் கழுவிட்டாரு போல. மூணு நாளைக்கு முந்தி திரும்பி வந்து, மோட்டருக்குள்ள மண் போய் நிண்டுட்டு எண்டு கவலையாச் சொன்னாரு."

"ஆரு அந்த ஆள்?"

மௌலவி அவரை ஏறிட்டுப் பார்த்தார். ஏதோ விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்திருக்கவேண்டும்.

"என்னட்ட ஏன் கேக்கிறீங்க? உங்களக் கொண்டு வந்த ஓட்டோக்குள்ளதானே இரிக்காரு."

சீனிமுகம்மது நன்றி சொன்னாரா என்று அவருக்கே ஞாபகமில்லை. செருப்பைத் தேடிக் காலில் மாட்டுவதற்கு வெகுநேரம் எடுத்தது. ஆறு வருடமாகப் பின்சீட்டிலிருந்து அவர் பார்த்துவந்த முதுகு. வாகனத்தோடு புழங்கும் கை என்று அச்சிமுகம்மது சொன்னபோது அந்தக் கை வாசலில் சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டு நின்றது. கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். வந்தது வெறும் அலுப்பு.

ஓட்டோவின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். றஸ்மி திரும்பிப் பார்க்கவில்லை.

"மௌலவி சொல்லிட்டாரா, சேர்?"

"சொல்லிட்டாரு."

"மூணு மாசமா நான்தான் திருத்துறன்" என்றான் றஸ்மி. "குணத்துக்கு ஓட்டோ ஓடப் போய்த்தான் அவன் பழக்கமானவன். சும்மா ஆசைக்குத்தான் சேர் துடங்கின. அண்டைக்கு பஸ் ஸ்டாண்டுல பெட்டிய அவன்ட கையில குடுத்தன். அந்த நேரம் பார்த்து ரெண்டு பொலிஸ் வந்துட்டாங்க. பெட்டியத் துறக்கச் சொன்னாங்க. வயரக் கண்டாங்க. நான் பக்கத்திலதான் நிக்கன். குணம் என்னப் பார்த்துச் சத்தம் போட்டான். 'என்ன காக்கா, ஓட்டோ வேணாம் எண்டு எத்தின தரம் சொல்ற? போங்க' எண்டான். முன்னப்பின்ன தெரியாத ஆளத் துரத்துற மாதிரி. நான் போயிட்டன் சேர்."

"இண்டைக்குக் காலையில நீதான் யசோதினிட கதைய என்னட்டக் கொண்டு வந்த."

"ஓம். நீங்க எதையும் கண்டுபிடிச்சிருவீங்க எண்டு நம்பித்தான். என்ன மட்டும் விட்டுட்டு, மத்த எல்லாத்தையும் கண்டுபிடிப்பீங்க எண்டு நினைச்சன்."

அவ்வளவு பகிடிக்காரன் வாயிலிருந்து வந்தும் அது பகிடியாக இல்லை. சீனிமுகம்மதுக்கு அவனை அறையவேண்டும் போலவும் இருந்தது, தோளில் கைவைக்கவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"இஞ்ச பாரு, மனே. நான் போய் மண்ணைப் பத்திச் சொல்லுவன். உன்ட பேரச் சொல்லமாட்டன். ஆனா மண் மட்டும் அவருக்குப் போதாது. அவருக்கு ஆள் வேணும். இப்ப மணி மூணே முக்கால். வீட்ட போய்ப் பெண்சாதிட்டச் சொல்லிட்டு வரப்போறயா, என்ன செய்யப்போற எண்டு நீதான் முடிவெடுக்கணும்."

றஸ்மி கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்தான்.

"வீட்ட போனா மூணு பிள்ளையும் வாசலுக்கு வரும். பொறகு நான் வரமாட்டன் சேர். என்னப் பத்தி எனக்குத் தெரியும். நேரே போவம்."

இந்த முறை ஓட்டோ பொலிஸ் வாசலுக்கு நேர் முன்னால் நின்றது.

*

"யாரும் வந்து நான்தான் என்று சொல்லலாம்" என்றார் பொறுப்பதிகாரி. "உங்கள் மண் கதை நன்றாக இருக்கிறது, மாத்தயா. கதை நன்றாக இருப்பதுதான் எனக்குப் பயம். இவன் செய்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி?"

சீனிமுகம்மது அதைத் தமிழில் சொன்னார். றஸ்மி மேசையிலிருந்த பெட்டியைப் பார்த்தான்.

"இதுட திருகாணிய ஒருத்தரும் இன்னும் கழட்டல்ல தானே சேர்? மோட்டருக்கு அடியில, வெளியால பார்த்தாத் தெரியாத இடத்தில, மூடிட தட்டு ஆடாம இரிக்க ஒரு கிளிப் வெச்சிரிக்கன். பிள்ளைகள் தலைக்குக் குத்துற கிளிப். மஞ்சள் பூப் போட்டது. பூவுல ரெண்டு இதழ் உடைஞ்சிரிக்கி. என்ட நடு மகள்ட. அது காணாமப் போயிட்டு எண்டு அவ ஒரு நாள் முழுக்க அழுதா."

சீனிமுகம்மது மொழிபெயர்த்தார். ஒரு கொன்ஸ்டபிள் திருகாணி கழற்றத் திருப்புளி கொண்டுவந்தான். பொறுப்பதிகாரி அவனை விலக்கிவிட்டுத் தானே கழற்றினார். ஒன்று, இரண்டு, மூன்று. தட்டு கையோடு வந்தது. காய்ந்த மண் மேசையில் கொட்டியது. மோட்டாருக்கு அடியில் மஞ்சள் கிளிப் இருந்தது. பூவில் இரண்டு இதழ் இல்லை.

பொறுப்பதிகாரி கிளிப்பை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"பிடிபட்ட இடத்தில் நீ ஏன் சொல்லவில்லை என்று கேளுங்கள்."

"பயந்து ஓடிட்டன் எண்டு சொல்லுங்க சேர்" என்றான் றஸ்மி. "வேற மாதிரி மாத்திச் சொல்லாதீங்க. ஓடிட்டன் எண்டே சொல்லுங்க."

சீனிமுகம்மது அப்படியே சொன்னார். முப்பத்திரண்டு வருடத்தில் இவ்வளவு சின்ன வாக்கியத்தை மொழிபெயர்க்க அவர் இவ்வளவு கஷ்டப்பட்டதில்லை.

நாலு இருபதுக்குப் பொறுப்பதிகாரி தொலைபேசியை எடுத்தார். வாகனம் அக்கரைப்பற்றைத் தாண்டியிருந்தது. அங்கிருந்தே திருப்பி அனுப்பினார். குணத்தை விடச் சொன்னார். றஸ்மியை விட முடியாது என்றார். வாக்குமூலம் எழுதவேண்டும், திடல்காரனைப் பிடித்து விசாரிக்கவேண்டும், காலையில் பார்க்கலாம். கிளிப்பை மட்டும் சாட்சிப் பொருட்களோடு சேர்க்காமல் சீனிமுகம்மதின் கையில் கொடுத்தார்.

"இதைப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள்" என்றார்.

*

குணம் வெளியே வந்தபோது யசோதினி ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை, பிடித்த பிடியை விடவுமில்லை. குணம் மெலிந்த ஆள். மூன்று நாள் தாடி. ஒரு கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. வாசலில் ஆளில்லாமல் நின்ற ஓட்டோவைக் கண்டதும் அவன் முகம் மாறியது.

"அவர் எங்க?"

"உள்ளே" என்றார் சீனிமுகம்மது. "அவன் வந்து சொல்லித்தான் உன்ன விட்டிருக்காங்க."

"அவர ஆரு வரச் சொன்ன?" குணம் கத்தினான். "என்ட பேர் ஏற்கனவே அவங்கட புத்தகத்தில இருக்கு. ஒரு தரம் போய்ப் பழகினவன் நான். அவருக்கு மூணு பொம்பளப் பிள்ளயள். அவர் தாங்குவாரா? நீங்களா ஐயா கூட்டி வந்த?"

"நான் கூட்டி வரல்ல. அவனாத்தான் வந்தான்."

குணம் மதிலோரம் இருந்த சீமெந்துத் திண்ணையில் போய் உட்கார்ந்தான்.

"வீட்ட போவம் வாங்க" என்றாள் யசோதினி. "ரெண்டு நாளா நான் நிண்ட இடம் இது. இனி இந்தப் பக்கம் திரும்பியும் பார்க்க ஏலாது."

"அவர் வரட்டும்."

"காலையிலதான் விடுவாங்களாம்."

"அப்ப காலையில போவம்."

யசோதினி அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வெயில் இறங்கியது. பஜாரில் நோன்பு திறக்கும் அவசரத்தில் சைக்கிள்கள் பறந்தன. பாங்கு சொல்லப் பத்து நிமிடம் இருக்கும்போது குணம் எழுந்து எதிர்க்கடைக்குப் போனான். ஒரு போத்தல் தண்ணீரும் கடதாசியில் சுற்றிய நாலு பேரீச்சம்பழமும் கொண்டுவந்தான். காவலுக்கு நின்ற கொன்ஸ்டபிளிடம், முகாமில் படித்த சிங்களத்தில், உள்ளே நோன்போடு ஒரு ஆள் இருக்கிறார், இதைக் கொடுங்கள் என்றான். கொன்ஸ்டபிள் அவன் வீங்கிய கண்ணைப் பார்த்தான், போத்தலைப் பார்த்தான். வாங்கிக்கொண்டு உள்ளே போனான்.

சீனிமுகம்மது குணத்தின் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீ வீட்ட போ, மனே. உனக்குத்தான் ஓய்வு வேணும். நான் இருக்கன்."

"இல்ல ஐயா." குணம் கண்ணை வாசலிலிருந்து எடுக்கவில்லை. "வாசல்ல ஆள் இருந்தா உள்ள அடிக்கக் கை நீளாது எண்டு முகாமில எல்லாரும் சொல்லுவாங்க. மெய்யோ பொய்யோ எனக்குத் தெரியாது. எனக்கு ஏழு மாசம் வாசல்ல ஒருத்தரும் இருக்கல்ல."

அவன் நகர்ந்து, சீனிமுகம்மது உட்கார இடம் விட்டான்.